போதாது என்று சொன்னது யார்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் வீட்டுக்கல்விப் பெற்றோரின் உறக்கம் கெடத் தொடங்குகிறது. அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் மதிப்பெண் அட்டைகள் அணிவகுக்கும். ஊரிலிருந்து வந்த பெரியப்பா கூடத்தில் அமர்ந்தபடி, "ஏழாம் வாய்ப்பாடு சொல்லு பார்ப்போம்" என்பார். 49 வரை ஓடிய குழந்தை அடுத்த வரியில் தடுக்கி நிற்கும். அந்த ஒரு வரியில் பெற்றோரின் பத்தாண்டுக் காலத் தீர்மானமே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடும். "நாம் போதுமான அளவு செய்யவில்லையோ?" என்ற கேள்வி அன்றிரவு எழும். அதைக் கேட்பவர் பெரும்பாலும் தாய்தான். வேலையை விட்டவர் அவர். குழந்தையோடு அமர்ந்தவர் அவர். எனவே பழியும் அவர் மடியில்தான் விழுகிறது. இதே கலக்கத்தைத் தந்தையர் வெளிப்படுத்தி நான் அதிகம் கேட்டதில்லை.

குழந்தைகள் வாசிக்கக் கற்பது பற்றிப் பேச மொழியியல் படித்த ஒருவர் அகப்பட்டால் இப்பெற்றோர் எளிதில் விடுவதில்லை. ஐதராபாத்திலும் புனேயிலும் பெங்களூரிலும் சந்தித்த குடும்பங்கள் வெவ்வேறு மொழி பேசுபவை. கேள்வி மட்டும் ஒன்றுதான். அதற்கு ஆறுதல் சொல்லி நகர்ந்துவிடலாம். நான் அதைச் செய்யப்போவதில்லை. அந்தக் கேள்வியையே எதிர்த்து வாதாட வேண்டியிருக்கிறது. போதும், போதாது என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். உங்கள் கையில் இருக்கும் அளவுகோலைச் செய்தவர் யார், அது எதை அளப்பதற்காகச் செய்யப்பட்டது என்று நீங்கள் கேட்டதே இல்லை.

முதலில் நேரக்கணக்கைப் பார்ப்போம். "பள்ளிக்கூடத்தில் ஆறு மணி நேரம் படிக்கிறார்கள், நாங்கள் ஒன்றரை மணி நேரம்கூட உட்காருவதில்லை" என்பதுதான் அடிக்கடி எழும் புலம்பல். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்கள், 800 கற்பித்தல் மணி நேரம் என்று வரையறுக்கிறது. நாளொன்றுக்கு 4 மணி நேரம். தொடக்கப்பள்ளியில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பதும் அதே சட்டத்தின் கணக்கு. 240 நிமிடங்களை 30ஆல் வகுத்தால் ஒரு குழந்தைக்கு 8 நிமிடம் வருகிறது. வகுப்பறைக் கற்பித்தலை இப்படி வகுத்துப் பார்ப்பது முரட்டுத்தனமானது, ஒப்புக்கொள்கிறேன். கூட்டாகக் கேட்பதிலும் சக மாணவரைப் பார்த்துக் கற்பதிலும் மதிப்பு உண்டு. ஆனால் ஆறு மணி நேரத்தையும் ஒன்றரை மணி நேரத்தையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து நீங்கள் போடும் கணக்கும் இதே அளவு முரடானதுதான். குழந்தையின் கண்ணைப் பார்த்து, அது எங்கே தடுக்குகிறது என்று அந்த நொடியிலேயே அறிந்து, அங்கேயே நின்று விளக்கும் ஒன்றரை மணி நேரம் எந்த ஆசிரியருக்கும் எட்டாத ஆடம்பரம்.

அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் பேரிடர் நிவாரணத்துக்கும் தேர்தல்களுக்கும் ஆசிரியர்களை அனுப்பலாம் என்று அனுமதிக்கிறது. அந்த நாள்களில் வகுப்பு என்ன ஆகிறது என்பதை அரசுப் பள்ளியில் படித்த எவரும் சொல்வார்கள். உங்கள் வீட்டில் பாட்டி மருத்துவமனையில் இருந்த இரண்டு மாதம் "ஒன்றுமே நடக்கவில்லை" என்று குற்றவுணர்ச்சி கொள்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்றும் நடக்காத நாளிலும் வருகைப் பதிவேட்டில் குழந்தை வந்ததாகக் குறிக்கப்படுகிறது. வேறுபாடு அந்தப் பதிவேடு மட்டும்தான்.

"போர்ஷன் முடிந்துவிட்டது" என்று ஒரு சொற்றொடர் இருக்கிறதே, இந்தியக் கல்வியின் துயரம் முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. முடிப்பவர் ஆசிரியர். கற்றாரா என்பது வேறு செய்தி. பிரதம் அமைப்பின் அசர் அறிக்கைப்படி, ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்பில் பயிலும் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் 50.5 விழுக்காடு, பெருந்தொற்றுக்குப் பிந்தைய 2022இல் 42.8 விழுக்காடு. இவ்வெண்களை நகரத்து வீடுகளின் ஆறுதலுக்காக எடுத்தாள்வது அருவருப்பானது. அவை பெரும்பாலும் ஏழைக் குழந்தைகளின் எண்கள். அரசும் சமூகமும் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடனின் கணக்கு. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பாடம் நடத்தப்பட்டுவிட்டது என்பதிலிருந்து பாடம் குழந்தையைச் சென்றடைந்தது என்று ஊகிக்க முடியாது. நீங்கள் உங்கள் குழந்தையை ஒப்பிடுவது பள்ளிக் குழந்தையோடு அன்று; பாடத்திட்டத்தின் பொருளடக்கப் பக்கத்தோடு. எந்தக் குழந்தையும் அந்தப் பக்கத்தை வென்றதில்லை.

இனி என் துறைக்கு வருகிறேன். இங்கே சற்று நிதானமாகப் பேச அனுமதியுங்கள்.

1958இல் ஜீன் பெர்கோ என்ற மொழியியலாளர் சிறு குழந்தைகளிடம் உலகில் இல்லாத ஒரு விலங்கின் படத்தைக் காட்டி அதற்கு 'வக்' என்று பெயர் சொன்னார். இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டார். அதுவரை கேட்டேயிராத அந்தச் சொல்லுக்கு ஆங்கிலப் பன்மை விகுதியைச் சரியாகச் சேர்த்துக் குழந்தைகள் விடை சொன்னார்கள். அந்தச் சொல்லின் பன்மையை அவர்களுக்கு யாரும் கற்பித்திருக்க முடியாது, ஏனெனில் அப்படி ஒரு சொல்லே இல்லை. விதியை அவர்கள் தம்மைச் சுற்றிக் கேட்ட பேச்சிலிருந்து தாமே பிழிந்தெடுத்திருந்தார்கள். ஐதராபாத்தில் வளரும் ஒரு தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழும் காய்கறி விற்பவரிடம் தெலுங்கும் ஆட்டோ ஓட்டுநரிடம் தக்கணி உருதுவும் பேசுகிறது. ஆளுக்கேற்ப மரியாதைப் பன்மையை மாற்றுகிறது. மூன்று இலக்கணங்கள், மூன்று ஒலியமைப்புகள், யாரிடம் எது என்ற சமூக அறிவு ஆகியவை அந்தச் சின்னத் தலைக்குள் இயங்குகின்றன. இதற்கு எந்த மதிப்பெண் அட்டையிலும் கட்டம் கிடையாது. அதே குழந்தை ஆங்கிலப் பயிற்சித்தாளில் நிறுத்தற்குறியை மறந்தால் மட்டும் நமக்கு வியர்க்கிறது.

ஆனால் வீட்டுக்கல்வி வட்டாரங்களில் உலவும் ஒரு கற்பனையையும் இங்கேயே உடைத்துவிட வேண்டும். "பேச்சு தானாக வந்தது போல வாசிப்பும் தானாக வந்துவிடும், ஒன்றும் செய்ய வேண்டாம்" என்பார்கள். வராது. பேச்சு மனித இனத்தின் இயல்பு. எழுத்து மனிதர் கண்டுபிடித்த ஒரு கருவி. அதன் வயது ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகள். கருவியை ஒருவர் காட்டித்தர வேண்டும். ஒரு சில குழந்தைகள் தாமே பிடித்துக்கொள்வார்கள் என்பது உண்மைதான். அவர்களை வைத்து மற்றவர்களுக்கு விதி எழுத முடியாது. எழுத்தைக் காட்டுவது பெற்றோரின் கடமை. எந்த வயதில், எந்த வேகத்தில் என்பதில்தான் இடம் இருக்கிறது. அந்த இடம் நீங்கள் அஞ்சுவதைவிட மிகப் பெரியது.

நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஐந்து வயதில் வாசிப்புப் பயிற்சி தொடங்கிய குழந்தைகளையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். 11 வயதை ஒட்டிப் பிந்தியவர்கள் முந்தியவர்களை எட்டிப்பிடித்திருந்தார்கள். இந்திய எழுத்துமுறைகளில் சிக்கல் வேறுவிதமானது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள், தமிழில் 247, கன்னடம், தெலுங்கு, இந்தி ஆகியவற்றில் கூட்டெழுத்துகளையும் சேர்த்தால் இன்னும் பல நூறு வடிவங்கள். சோனாலி நாக் 2007இல் கன்னடக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, இந்த எழுத்துகளை முழுமையாகக் கைவரப்பெறுவது தொடக்க வகுப்புகளோடு முடிவதில்லை, அதற்கு அப்பாலும் நீள்கிறது என்று காட்டியது. ஆங்கிலம் மட்டும் படிக்கும் குழந்தைக்காக வகுத்த 'இந்த வயதில் இது' அட்டவணையைப் பதிவிறக்கி, ஆங்கிலத்தையும் தமிழையும் இந்தியையும் ஒருசேரப் படிக்கும் எட்டு வயதுப் பிள்ளையின் தலைக்கு மேல் ஒட்டிவைத்தால், அந்தப் பிள்ளை பின்தங்கியதாகத்தான் தெரியும். பின்தங்கியிருப்பது அட்டவணை.

இதற்குமேல் இந்தியாவில் வீட்டுக்கல்வி என்றவுடன் நினைவுக்கு வரவேண்டிய ஒருவரைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். மோகன்தாஸ் காந்தி. தென்னாப்பிரிக்காவில் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பிக்க முற்பட்டவர். ஜோகன்னஸ்பர்க்கில் அலுவலகம் போய்வர ஐந்து மைல் நடை. பிள்ளைகளை உடன் நடத்திச் சென்று, பேச்சின் வழியே பாடம் சொன்னார். குஜராத்தியில் பேசுவதா ஆங்கிலத்தில் பேசுவதா என்று நண்பர் போலக்கோடு அவர் கடுமையாக வாதிட்டதும் உண்டு. தாய்மொழியின் பக்கமே நின்றார். ஆனால் 'சத்திய சோதனை'யில் இதை நினைவுகூரும்போது அவர் பெருமைப்படவில்லை. நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஒழுங்காக எழுத்துக் கல்விக்கு ஒதுக்க முடிந்திருந்தால் அது சிறந்த கல்வியாக இருந்திருக்கும், அதைச் செய்யாத வருத்தம் தமக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு என்கிறார். போதுமான அளவு செய்யவில்லை என்று சொன்ன பெற்றோரின் வரிசையில் அவரும் நிற்கிறார்.

அவருடைய குறை அதுதானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. மூத்த மகன் ஹரிலாலின் கதையைப் பாருங்கள். சட்டம் படிக்க வேண்டும், தந்தையைப் போல இங்கிலாந்து செல்ல வேண்டும் என்று விரும்பியவர் அவர். காந்தியின் நண்பர் பிராண்ஜீவன் மேத்தா படிப்புச் செலவுக்கு உதவ முன்வந்தபோது, காந்தி அந்த வாய்ப்பைத் தம் மகனுக்குத் தரவில்லை. உறவினர் சகன்லாலுக்குத் தந்தார். உடல்நலம் குன்றி சகன்லால் திரும்பிய பின்னும் அது சோராப்ஜி அடாஜானியாவுக்குத்தான் போயிற்று. 1911இல் ஹரிலால் தந்தையை விட்டுப் பிரிந்து இந்தியா வந்து, இருபதுகளின் தொடக்கத்தில், அகமதாபாத்தில் மெட்ரிக்குலேசன் தேர்வுக்குப் படித்தார். வெல்ல முடியவில்லை. நடந்து நடந்து சொல்லப்படாத பாடங்கள் அந்த மகனை உடைத்தன என்று நான் நம்பவில்லை. "எனக்கு இது வேண்டும்" என்று அவர் சொன்னது தந்தையின் காதில் விழவேயில்லை. தன் கொள்கையின் சான்றாகப் பிள்ளை இருக்க வேண்டும் என்று தந்தை நினைத்துவிட்டார்.

நீங்கள் இரவில் விழித்திருந்து அஞ்சவேண்டுமென்றால் அஞ்சுவதற்குரியது இதுவே. ஏழாம் வாய்ப்பாடு ஒரு வாரத்தில் வந்துவிடும். பின்னங்கள் 12 வயதில் இரண்டு மாதத்தில் வந்துவிடும். ஏனெனில் அந்த வயதின் மூளைக்கு எட்டு வயதில் ஓராண்டு எடுத்தது இரண்டு மாதம்தான். கேட்கப்படாமல் போன விருப்பத்தை ஈடுசெய்ய மட்டும் எந்தக் கோடைவிடுமுறைப் பயிற்சியும் கிடையாது.

உங்கள் அச்சத்தால் ஆதாயம் அடைபவர்களைப் பற்றியும் பேச வேண்டும். பள்ளியை விட்டு வெளியேறிய குடும்பத்தைத் துரத்திக்கொண்டு ஒரு சந்தை வந்திருக்கிறது. ஆண்டுச் சந்தாவுக்குப் பாடத்தொகுப்பு, வாரந்தோறும் இணையவழி 'திறனறி' மதிப்பீடு, நான்கு வயதுக் குழந்தைக்குக் கணினி நிரலாக்கம், ஆறு வயதில் தலைமைப் பண்பு. இவர்களின் விளம்பரங்கள் அனைத்துக்கும் ஒரே தொடக்கம்: "உங்கள் குழந்தை எதைத் தவறவிடுகிறது தெரியுமா?" பள்ளியின் கெடுபிடி பிடிக்காமல் வெளியே வந்தவர்கள், அதைவிடக் கெடுபிடியான ஒன்றை மாதத் தவணையில் வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். உணவு மேசையில் ஒரு சிறிய பள்ளிக்கூடம் எழும்புகிறது. அம்மா ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் ஆய்வாளராகவும் ஆகிறார். அங்கே இல்லாமல் போவது அம்மா மட்டும்தான்.

இதில் வீட்டுக்கல்வி ஆதரவாளர்களின் பங்கு குறைவானதன்று. 2016இல் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழே இல்லாத மும்பை மாணவி ஒருவர், கணினி ஒலிம்பியாடில் பெற்ற பதக்கங்களைக் கொண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சேர்ந்த செய்தி நாளிதழ்களில் வந்தது. அந்தப் பெண்ணின் சாதனை பெரியது, அதில் ஐயமில்லை. அதைத் தம் இயக்கத்தின் விளம்பரப் பலகையாக மாட்டிக்கொண்டவர்களிடம்தான் எனக்கு வழக்கு. ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தக் கதை சொல்லப்படும்போது, பதினான்கு வயதில் மாடித்தோட்டம் போட்டுக்கொண்டும் தம்பிக்குக் கதை சொல்லிக்கொண்டும் சராசரியாகக் கணக்குப் போட்டுக்கொண்டும் இருக்கும் ஒரு பிள்ளையின் தாய் பின்வரிசையில் குன்றிப்போகிறார். மேதைகளை உற்பத்தி செய்து காட்டினால்தான் பள்ளிக்கு வெளியே இருக்க உரிமை உண்டு என்பது எந்த நீதி? பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. பள்ளி சராசரிப் பிள்ளைகளை உருவாக்கினால் அது இயல்பு. வீடு உருவாக்கினால் தோல்வி.

தமிழ் வாசகர்களிடமிருந்து வரக்கூடிய எதிர்ப்பை நான் அறிவேன், மதிக்கிறேன். "இது குலக்கல்வி இல்லையா?" 1953இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் குழந்தை வீட்டில் கற்கட்டும் என்று கொண்டுவந்த திட்டம் எப்படி எதிர்க்கப்பட்டது, 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் எப்படிக் கைவிடப்பட்டது என்பது நம் நினைவில் இருக்க வேண்டிய வரலாறு. அதற்கு நூறாண்டுக்கு முன்பே, 1848இல், புனேயில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கிய ஜோதிபாவும் சாவித்திரிபாயும் எதற்காகப் போராடினார்களோ அதுவும் பள்ளியின் வாசலுக்காகத்தான். வீடு என்பது பலருக்குச் சாதியின் மறுபெயர். பள்ளிதான் அதிலிருந்து வெளியேறும் வழி. எனவே வீட்டுக்கல்வியை ஒரு சமூகத் திட்டமாக யாராவது முன்வைத்தால் நான் எதிர்ப்பக்கம் நிற்பேன். ஒருவர் வருமானத்தில் வாழக்கூடிய, வீட்டில் புத்தகம் உள்ள, ஒரு பெற்றோராவது படித்திருக்கிற குடும்பங்களுக்கே இது இயலும். சலுகை பெற்றவர்கள் நாம் என்று ஒப்புக்கொண்டு பேசுவதில் வெட்கமில்லை. ஆனால் சலுகை பெற்ற ஒரு தாயின் தூக்கமின்மையால் ஏழைக் குழந்தைக்கு ஒரு பள்ளியும் கூடுதலாகக் கிடைப்பதில்லை. அந்த நியாயத்துக்காகப் போராட வேறு வழிகள் உள்ளன: அருகிலுள்ள அரசுப் பள்ளியின் நூலகத்துக்கு வாரம் ஒரு பிற்பகல் தருவது அவற்றில் ஒன்று, உங்கள் பிள்ளைக்கும் அங்கே நண்பர்கள் கிடைப்பார்கள்.

ஆறுதல் எல்லோருக்கும் உரியதன்று. பெண் பிள்ளையை மட்டும் வீட்டில் நிறுத்தி, அடுக்களை வேலைக்கும் தம்பியைப் பார்க்கவும் வைத்துக்கொண்டு அதற்கு வீட்டுக்கல்வி என்று பெயர் சூட்டுபவர்களுக்கு நான் சொல்ல ஆறுதல் ஏதுமில்லை. 'மற்ற' பிள்ளைகளோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகப் பள்ளியைத் தவிர்ப்பவர்களுக்கும் இல்லை. இரண்டாண்டுகளாகப் பொறுமையோடு எழுத்தைக் காட்டியும் ஒன்பது வயதில் ஒலியையும் எழுத்தையும் இணைக்க முடியாமல் திணறும் குழந்தையை, "அவனுடைய நேரம் வரும்" என்று விட்டுவிடுவதும் அன்பாகாது. கண், காது இரண்டையும் சோதியுங்கள். கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் உள்ளடக்குகிறது. தேர்வில் சலுகைகளும் உதவிகளும் கேட்டுப்பெறலாம். தன் வயதொத்தவர் எவரையும் வாரக்கணக்கில் காணாத பிள்ளைக்கும் உடனடியாக ஏதாவது செய்தாக வேண்டும். அதற்குப் பாடநூல் உதவாது, தெருவும் விளையாட்டுத் திடலும் உதவும்.

இவற்றைக் கடந்து நிற்கும் மற்ற எல்லோருக்கும், கதவுகளைப் பற்றிச் சில செய்திகள். கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் அதை மீறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் கிடையாது. இந்த மங்கலான நிலையை அரசு தெளிவாக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. அதுவரை காவலர் கதவைத் தட்டுவார் என்று உறவினர் சொல்லும் கதையை நம்பி நடுங்க வேண்டியதில்லை. அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 14 வயது நிறைந்தவர்களைப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதிவு செய்துகொள்கிறது. மொழி உட்பட ஐந்து பாடங்களில் தேறினால் சான்றிதழ். ஒருமுறை பதிவு செய்தால் ஐந்தாண்டுகள் செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். எல்லாப் பாடங்களையும் ஒரே முறையில் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று பிள்ளை முடிவு செய்யும்போது அந்த இடத்தின் விதிகளை ஓராண்டு முன்பே பார்த்துவைப்பது நல்லது. பதினைந்து வயதில் வரலாறும் மனையியலும் எழுதிவிட்டுப் பதினாறில் கணக்கை எழுதிய பிள்ளைகளை நான் அறிவேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஒரு நாள் உங்கள் பிள்ளை, பதினோரு வயதிலோ பதிமூன்று வயதிலோ, "நான் பள்ளிக்கூடம் போகிறேனே" என்று சொல்லலாம். வீட்டுக்கல்விப் பெற்றோர் பலர் இதைத் தம் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொண்டு உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். சிலர் வாதம் செய்து பிள்ளையை மனம் மாற்றவும் முனைகிறார்கள். ஹரிலாலின் தந்தையும் வாதத்தில் வல்லவர்தான். பிள்ளை கேட்டதைக் கேட்டபடி எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் 4ஆம் பிரிவு, பள்ளியில் சேராதிருந்த குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்க வேண்டும், ஈடுகொடுக்கச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும், 14 வயதைக் கடந்தாலும் தொடக்கக் கல்வியை முடிக்கும் வரை கட்டணமின்றிப் படிக்கலாம் என்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. தலைமையாசிரியர் தயங்கினால் இந்த இரண்டு பிரிவுகளின் எண்ணையும் பணிவாகச் சொல்லுங்கள். ஜூன் மாதத்தின் முதல் வாரத்திலேயே போய் விண்ணப்பப் படிவத்தை வாங்கிவிடுங்கள். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், எந்தப் பள்ளி என்பதை அவரே பார்க்கட்டும்.